கட்டுமான வழக்கில் சம்மன் வந்தால் 120 நாளை மறக்காதீர்கள்

கட்டட ஒப்பந்தத் தகராறில் உங்கள் மேல் வழக்கு வந்திருக்கிறதா? தொகை 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், பெரும்பாலும் அது 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ்தான் நடக்கும். சம்மன் கையில் கிடைத்த தேதியை முதலில் குறித்து வையுங்கள்.

வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யக் கேட்கும் மனுவுக்கு (உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 11 மனு) தனிக் கெடு கிடையாது; விசாரணை முடியும் முன் எப்போதும் போடலாம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்த மனு நிலுவையில் இருந்தாலும், வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தர வேண்டிய பதிலுரைக்கான கடிகாரம் நிற்காது. சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் அதிகபட்சம் 120 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் – கே.எஸ். சாமன்கர் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அதில் 2017 ஜூலை 14-இல் சம்மன் பிரதிவாதி கையில் சேர்ந்தது; கெடு நவம்பர் 11-இல் முடிந்தது. தள்ளுபடி மனு டிசம்பரில் தோற்ற பிறகு தாக்கலான பதிலுரை ஏற்கப்படவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே தயார் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். கட்டுமான ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பு ஷரத்து, அதாவது தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் தீர்க்க வேண்டும் என்ற ஷரத்து, பெரும்பாலும் இருக்கும். இருந்தால், தகராறை நடுவருக்கு அனுப்பக் கேட்கும் மனுவை (1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் பிரிவு 8 மனு), ஒப்பந்தத்தின் அசல் அல்லது சான்றிட்ட நகலோடு, பதிலுரைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. பதிலுரை கொடுத்த பிறகு ஷரத்தைக் காட்டினால் எடுபடாது.