பேட்டில்பாக்ஸ் நிலவறைக்குப் போகுமுன்: நானும் மற்றவர்களும் செய்த தவறுகள்

குன்னூரில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். சீசன் வந்து ஊரெல்லாம் குன்னூருக்கு ஏறி வரும் மே மாதத்தில் எங்கள் தெருக்காரர்கள் கோயம்புத்தூர் இறங்கி விமானம் பிடிப்பார்கள். சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றுக்குள் பேட்டில்பாக்ஸ் என்றொரு நிலவறை இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் தலைமையிடம். திரும்பி வந்தவர்களிடம், "ஃபோர்ட் கேனிங் நிலவறை பார்த்தீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர், "அதுவா, வெறும் சிமென்ட் ரூமுங்க" என்கிறார்கள். முதல் தடவை போய் வந்தபோது நானும் அதைத்தான் சொன்னேன். இரண்டாம் தடவை, பக்கத்து ராணுவக் கன்டோன்மென்டான வெலிங்டனில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றுதான் முதல் தடவை எதையெல்லாம் கோட்டைவிட்டேன் என்று தெரிந்தது.

முதல் கோளாறு நம் சொல்லிலேயே இருக்கிறது. பங்கர் என்பதற்குத் தமிழில் பதுங்குகுழி என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் மண்மூட்டை, ஈரம், தவழ்ந்து போகும் சுரங்கம் என்று மனம் ஒரு படம் போட்டுவிடுகிறது. வியட்நாம் போய் கூச்சி சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். கொடைக்கானல் குணா குகை மாதிரி ஒரு திகில் கிடைக்கும் என்று நம்பிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களும் உண்டு. பேட்டில்பாக்ஸ் அந்த இனமே இல்லை. அது பூமிக்கு அடியில் கட்டிய ஓர் ஆபீஸ். 1930களின் கடைசியில் கட்டியது. தரையிலிருந்து சுமார் 9 மீட்டர் ஆழம், ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் சுவர், முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் அறைகள். தொலைபேசி இணைப்பகம், சங்கேதச் செய்தி எழுதும் அறை, வரைபட அறை, குமாஸ்தாக்கள் அறை, கழிப்பறை என்று ஒரு தாலுகா ஆபீஸில் இருப்பதெல்லாம் அங்கே உண்டு. யாரும் அங்கே துப்பாக்கி ஏந்திப் பதுங்கவில்லை. பென்சிலும் டெலிபோனும் வைத்துக்கொண்டு மலாயாப் போரை நடத்தினார்கள், தோற்றார்கள். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், "எப்பப்பா பேய் வரும்?" என்ற கேள்வி வராது.

அடுத்தது, நான் செய்த பெரிய தவறு: 1942 பிப்ரவரி 15 காலை அங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் உள்ளே இறங்கியது. சினிமாவுக்குப் போகிறவர் கதை தெரியாமல் போகலாம். இங்கே கதை தெரியாமல் போனால் பார்க்க ஒன்றுமே இல்லை.

சரி, கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர், பிரிட்டிஷார் வசமிருந்த மலாயாவின் (இன்றைய தீபகற்ப மலேசியா) வடகிழக்கில் கோத்தா பாருவில் இறங்கினார்கள். இரண்டு மாதத்துக்குள் தீபகற்பம் முழுக்க அவர்கள் கைக்குப் போனது. 1942 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷ் தரப்பின் கடைசிப் படைகள் சிங்கப்பூர்த் தீவுக்குள் வந்து சேர்ந்ததும், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்த பாலத்தைப் பிரிட்டிஷாரே வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாயும் அந்தப் பாலத்தின் மேல்தான் வந்தது. எதிரியைத் தடுக்கப் போட்ட வெடியில் சொந்த வீட்டுக் குழாயும் போனது.

பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் தீவில் கால் வைத்தார்கள். ஒரே வாரத்தில் தீவின் நடுவிலுள்ள நீர்த்தேக்கங்கள் அவர்கள் பிடிக்குள் வந்தன. ஊருக்குள் அகதிகளும் படையினருமாகச் சேர்ந்து ஏறக்குறைய பத்து லட்சம் பேர். குண்டு விழுந்து உடைந்த குழாய்களிலிருந்து தண்ணீர் தெருவில் ஓடியது, அடைக்க ஆளில்லை. 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டின் முதல் நாள். காலை 9:30 மணிக்கு இந்த நிலவறைக்குள், விஷவாயுத் தாக்குதலைத் தாங்கும்படி கட்டிய ஓர் அறையில், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் தன் அதிகாரிகளைக் கூட்டினார். மேசையில் இரண்டு வழிகள் இருந்தன. எதிர்த்தாக்குதல் நடத்தி நீர்த்தேக்கங்களையும் புக்கிட் தீமாவில் இழந்த உணவுக் கிடங்குகளையும் மீட்பது ஒன்று, சரணடைவது மற்றொன்று. தண்ணீர் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் வரும் என்பதுதான் நிலை. பெட்ரோலும் பீரங்கிக் குண்டும் தீர்ந்துகொண்டிருந்தன. சரணடைவது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

நிலவறையில் முக்கியமான இடம் அந்த அறைதான். சின்ன அறை. பளபளவென்று எதுவும் இருக்காது, அலங்காரமும் கிடையாது. நான் முதல் தடவை அதை ஒரு நிமிஷத்தில் கடந்தேன். மாமா அதற்குள் நின்றவர் நகரவில்லை. முதலில் மேலே கூரையை ஒட்டி ஓடும் காற்றுக் குழாய்களைப் பார்த்தார். பிறகு கதவின் தடிமனைப் பார்த்தார்.

"எத்தனை பேர் இருந்திருப்பாங்க மாப்ளே உள்ளே?"

"இந்த ரூமிலா, மொத்தமாவா மாமா?"

"மொத்தமா. இந்தக் குழாயிலே வர்ற காத்து இத்தனை ஆளுக்குப் பத்தாது."

அவர் கணக்கு சரிதான். கடைசி நாட்களில் அங்கே கூட்டம் நெரிந்தது. காற்றோட்டம் போதவில்லை, புழுக்கமும் நாற்றமும் தாங்க முடியாமல் இருந்தது என்று அங்கே வேலை செய்தவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். மாமா கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி இல்லேன்னா எந்த ஜெனரலா இருந்தாலும் என்னத்தப் பண்ணுவான்?" என்றார். குன்னூர்க்காரர் வாயில் அந்தக் கேள்வி சும்மா வராது. ரேலியா அணையில் தண்ணீர் இறங்கினால் எங்கள் தெருக் குழாய் ஒரு வாரத்துக்கும் மேல் வறண்டு கிடக்கும். முறை வரும் நாளில் தூக்கத்தை விட்டு எழுந்து குடத்தை வரிசை வைக்கிறவர்களுக்கு 1942 பிப்ரவரியை யாரும் விளக்க வேண்டாம்.

மூன்று இடங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. இதை இணையத்தில் எழுதுகிறவர்களும் செய்கிறார்கள். பேட்டில்பாக்ஸில் முடிவு எடுத்தார்கள், கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து அன்று மாலை புக்கிட் தீமாவிலுள்ள ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் நடந்தது. பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் சரணடைந்தார். இரவு 8:30க்குப் போர் நின்றது. அந்தத் தொழிற்சாலைக் கட்டடம் இப்போது தனி அருங்காட்சியகம். சென்டோசாவில் ஃபோர்ட் சிலோசோ என்ற கோட்டையில் இதே சரணடைதல் காட்சியை மெழுகுப் பொம்மைகளாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "பேட்டில்பாக்ஸ் பார்த்தாச்சு" என்று ஊருக்கு வந்து சொன்னவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவருக்கு நான் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

"பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து வச்சுட்டான் வெள்ளைக்காரன், அதான் தோத்தான்" என்று சொல்லாமல் யாரும் இருப்பதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. சாங்கி பக்கமிருந்த 15 அங்குலப் பெரிய பீரங்கிகளில் சில நிலப்பக்கம் திரும்பின, சுடவும் சுட்டன. கப்பலின் இரும்பைத் துளைக்கும் குண்டுகளைத்தான் பெரும்பாலும் இருப்பு வைத்திருந்தார்கள். அவை மண்ணில் புதைந்துபோகும். காலாட்படையை அதிகம் ஒன்றும் செய்யாது. நிலவறைக்குள் நின்றுகொண்டு பிள்ளைகளுக்கு இந்தப் பழைய கதையைச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் சிங்கப்பூர்ப் பள்ளிப் பையன் திருத்திவிடுவான். எனக்கு அது நடந்தது.

நம்மவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் உறுத்துவது, இதை வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் நடந்த சண்டையாக மட்டும் பார்த்துவிட்டு வருவது. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள்தான். ஆனால் அவர்கள் சரணடையச் சொன்ன படையில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் மைதானத்தில் அவர்களைத் தனியாக நிறுத்தி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். 45,000 பேர் வரை என்று கணக்குச் சொல்வார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் விதை அந்த மைதானத்தில் விழுந்தது. லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிட்டுவிட்டு நடந்தே போகிற தூரம்தான், ஆனாலும் நம்மில் எத்தனை பேர் போகிறோம்?

1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி தற்காலிக ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்த கேத்தே கட்டடமும் ஃபோர்ட் கேனிங்குக்குப் பக்கம், தோபி காட் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. அதன் பழைய முகப்பை இன்றும் பார்க்கலாம். நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் ஏராளமானோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவர்கள் யாரென்று தெரியும். ஒரு நாளில் பாதியை நிலவறைக்கும் மீதியை இந்த இரண்டு இடங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். க்ராஞ்சி போர் நினைவிடத்துக்குத் தனி நாள் வேண்டும். அங்கே உடல் கிடைக்காமல் போனவர்களின் பெயர்கள் மட்டும் 24,000க்கு மேல் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தியப் பெயர்கள் வரிசை வரிசையாக வரும்.

வெலிங்டன் வழியாகப் போகிறவர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் இந்தக் காலத்தோடு சேரும். சிங்கப்பூர் விழுந்த அதே பிப்ரவரியில், பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் வயிற்றில் குண்டு வாங்கிப் பிழைத்த இளம் கேப்டன்தான் சாம் மானெக்ஷா. கடைசிக் காலத்தில் நம் மலையில் வாழ்ந்து 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்தார். மாமா இதை நிலவறைக்குள் நின்று சொன்னார், தன் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

இனி சில்லறை விஷயங்கள். "ஹில்" என்று பெயரில் இருப்பதால் நம் ஊர்க்காரர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போகிறார்கள். ஃபோர்ட் கேனிங் குன்றின் உயரம் 50 மீட்டரைக்கூடத் தொடாது. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது மேடு. ஆனால் வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்து அந்த மேட்டிலேயே நமக்கு மூச்சு வாங்கும். பருத்திச் சட்டை, ஒரு தண்ணீர் பாட்டில், காலை நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய இடத்தில் படபடப்பு வருகிறவர்கள் வாசல் ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போய்ச் சமாளிக்கலாம் என்று நினைத்து நடு வழியில் உட்கார்ந்துவிட வேண்டாம். கழிப்பறை வேலையை வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே சத்தமாகப் பேசினால் மூன்று அறை தள்ளி நிற்பவருக்கும் கேட்கும், அதனால் வீடியோ காலில் ஊருக்குக் காட்டும் ஆசையை வெளியில் வந்து தீர்த்துக்கொள்ளலாம். சுவரைத் தட்டிப் பார்க்காதீர்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கட்டணத்துக்கும் வழிகாட்டிக்கும் பணம் ஒதுக்கவும் வேண்டாம். 2024இல் மறுபடி திறந்தபோது இலவசமாக்கி, நாமே சுற்றிப் பார்க்கும்படி மாற்றிவிட்டார்கள். எந்தக் கிழமை திறந்திருக்கிறது என்பதை மட்டும் முந்தின நாள் அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலவறை பார்த்த சூட்டில் ஊர் திரும்பி இங்கேயும் தேடக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீலகிரியில் பழைய பங்களா என்றால் அடியில் சுரங்கம் இருப்பதாக ஒரு கதை கட்டாயம் இருக்கும். அதை டீக்கடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெலிங்டன் கன்டோன்மென்டும் அரவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் இன்றும் பாதுகாப்புத் துறையின் இடங்கள். வேலிக்கு மேல் போனைத் தூக்கிப் படம் எடுப்பது, டிரோன் பறக்கவிடுவது எல்லாம் நேராகப் போலீஸ் ஸ்டேஷனில்தான் முடியும்.

கடைசியாக ஒன்று. நிலவறையிலிருந்து வெளியே வந்ததும் எல்லோரும் படியிறங்கி ரயிலுக்கு ஓடுகிறார்கள். இறங்காதீர்கள், மேலே ஏறுங்கள். குன்றின் உச்சியில் வேலி போட்ட புல்மேடு ஒன்று இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மைதானம் மாதிரி தெரியும். அது மூடிய தண்ணீர்த் தொட்டி, ஃபோர்ட் கேனிங் நீர்த்தேக்கம். 1920களின் கடைசியில் கட்டியது. அதாவது 1942இல் அது அங்கே இருந்தது. குன்றின் தலையில் தண்ணீர்த் தொட்டி, வயிற்றுக்குள் தண்ணீர் இல்லாமல் சரணடைய முடிவெடுத்த அறை. முதல் தடவை எனக்கு இது தெரியவே தெரியாது.

மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார்.

"நம்ம தெருவுக்கு இன்னிக்கு முறையா மாப்ளே?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். நாளைக்குத்தானாம்.