பக்கத்து வீட்டாரோடு சரிவரவில்லை, வீட்டையும் விற்க வேண்டும்: என்ன செய்யலாம்?

என் வீட்டைப் பார்க்க முதலில் வந்தவர்கள் திருகோணமலை உவர்மலையில் வாடகைக்கு இருந்த ஓர் இளம் சோடி. வீடு பிடித்துவிட்டது. அந்தப் பிள்ளை குசினி யன்னலுக்கு என்ன நிறத் திரை போடலாம் என்றுகூட யோசித்தாள். படலையைத் தாண்டி வெளியே போகும்போதுதான் பக்கத்து மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது.

"தம்பி, வீடு பார்க்க வந்தனீங்களோ? கிணத்துத் தண்ணி சவர். எல்லைப் பிரச்சினையும் கிடக்கு. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது, இப்பவே சொல்லிப்போட்டன்."

அடுத்த நாள் அவர்கள் என் அழைப்பை எடுக்கவில்லை. இப்படியே இன்னும் இரண்டு பேர் போனார்கள். பாலையூற்றில் பத்துப் பேர்ச் காணியும் மூன்று அறை வீடும், நடந்து போகும் தூரத்தில் பஸ். விலைப்படாமல் இருக்கக் காரணமே இல்லை. மகளோடு மட்டக்களப்பில் போய் இருப்பது என்று நான் முடிவெடுத்து, வீட்டை விற்று முடிக்க எட்டு மாதம் போனது. அதில் ஐந்து மாதத்தை நானே வீணாக்கினேன். அந்த ஐந்து மாதத்தை நீங்கள் மிச்சம் பிடிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விட்ட பெரிய பிழை ஒளித்தது. தரகர் சொன்னதைக் கேட்டு, பக்கத்து வீட்டார் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் ஆட்களைக் கூட்டி வந்தேன். ஆனால் வீடு வாங்குகிற ஆள் ஒருமுறை பார்த்துவிட்டுக் காசு கொடுப்பதில்லை. மாமனாரோடு வருவார், மேசனோடு வருவார், ஒரு நாள் தனியாக வந்து தெருவில் நின்று பார்ப்பார். அப்போது மதிலுக்கு மேலால் அந்தத் தலை வரும். அதனால் அவர் சொல்ல முதல் நான் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அப்படிச் சொல்வதற்கு, சொல்கிற விஷயத்தைக் கொஞ்சமாவது ஒழுங்குபடுத்தி வைத்திருக்க வேண்டுமே.

ஒரு கொப்பித் தாளில் அவரோடு எனக்குள்ள பிணக்குகள் எல்லாவற்றையும் எழுதினேன். எழுதியபோதுதான் தெரிந்தது, சில உறுதியோடு, அதாவது காணிப் பத்திரத்தோடு, சம்பந்தப்பட்டவை, சில கொஞ்சக் காசோடு தீர்பவை, மிச்சம் அவருடைய சுபாவம். சுபாவத்தை விடுங்கள். உறுதியோடு சம்பந்தப்பட்டதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் வாங்குபவரின் நொத்தாரிசு (உறுதி எழுதுகிறவர்) பார்ப்பது அதைத்தான்.

எல்லையை எடுங்கள். 1990இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எங்கள் கிடுகு வேலி இல்லை. அவருடைய தகப்பன் முட்கம்பி அடித்திருந்தார், ஏறத்தாழ ஓரடி எங்கள் பக்கம். அப்பா பேசாமல் விட்டார். பிறகு அதே இடத்தில் மதில் எழும்பியது. இதைப் பற்றி முப்பது வருடம் கதைத்தோம், ஒருவரும் அளக்கவில்லை. கடைசியில் உரிமம் உள்ள நில அளவையாளர் ஒருவரைப் பிடித்தேன். அவர் அப்பாவின் பழைய பிளானைப் புதிய அளவோடு பொருத்திப் பார்த்தார். அறுபது அடி நீளத்துக்கு ஓரடி. அறுபது சதுர அடி. ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி, ஆக நாங்கள் சண்டை பிடித்தது கால் பேர்ச்சும் இல்லாத நிலத்துக்கு!

ஒரு காணியைப் பத்து வருடம் இடையூறில்லாமல் ஆண்டுவந்தவர் அதற்கு உரிமை கேட்கலாம் என்று 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் சொல்கிறது. நொத்தாரிசு அதை எனக்கு விளக்கிவிட்டு, "ரீச்சர், இதுக்காக வழக்குப் போட்டால் வீடு விற்கிறதை மறந்திட வேண்டியதுதான்" என்றார். காணி வழக்குகளைக் காணிப் பதிவகத்திலும் பதிந்து வைப்பார்கள். பதிவேட்டைத் தேடுகிற எவருக்கும் அது கண்ணில் படும். கைகலப்பு வரும் அளவுக்குப் போனால் பொலிஸ் 66 வழக்கு, அதாவது காணிச் சண்டையால் அமைதி குலையும் என்று நீதிமன்றத்துக்கு அறிவிக்கும் வழக்கு, தாக்கல் செய்யும். அதைக் கேள்விப்பட்டால் வாங்க வருகிற ஆள் திரும்பியும் பார்க்காது.

அதனால் அந்த ஓரடியை விட்டேன். மதிலுக்கு இந்தப் பக்கம் உள்ளதை மட்டும் காட்டும் புதிய பிளான் போட்டு, அதையே விற்பது என்று தீர்மானித்தேன். அளக்கும் நாளில் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் பிளேன்ரீ கொடுத்து, எல்லைக் கல் எங்கே விழுகிறது என்று அவர் கண்ணாலேயே பார்க்க வைத்தேன். அவர் அதிகம் பேசவில்லை. "அப்ப சரி" என்றார். முப்பது வருடச் சண்டைக்கு அந்த இரண்டு சொல். (அப்பா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அது வேறு கதை.)

உங்கள் பக்கத்துக்காரர் பிடித்திருப்பது ஓரடியல்ல, மூன்று பேர்ச் என்றால் இந்தப் புத்தி பொருந்தாது. அப்போது சட்டத்தரணியிடம் போங்கள். அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி, அதாவது பெர்மிட் காணி என்றால் பக்கத்து வீடு இரண்டாவது பிரச்சினை. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது, முதலில் அங்கே போங்கள்.

அடுத்தது கிணறு. பழைய உறுதியில் "கிணற்றில் அரைப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" என்று இருக்கிறது. எழுத்தில் அரைப் பங்கு, நடப்பில் முழுக்க அவருடைய மோட்டார். விடிய ஐந்து மணிக்குப் போட்டால் ஏழரை வரைக்கும் ஓடும். இதற்கு நான் மத்தியஸ்த சபைக்குப் போனேன். நீதிமன்றத்துக்குப் போகாமல் பேசித் தீர்க்க, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சபை அது. அங்கே சட்டத்தரணி வந்து வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். முதல் தவணைக்கு அவர் வரவில்லை. இரண்டாம் தவணைக்கு மனைவியோடு வந்தார். அந்த அம்மா மிகவும் நியாயமான ஆள், எனக்கு அன்றுவரை தெரியாது. காலை எனக்கு, பின்னேரம் அவருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாள் புதிதாக வருகிறவரைக் கட்டுப்படுத்தாது என்று நொத்தாரிசு சொன்னார். இருந்தாலும், வாங்க வருகிறவர் கையில் கொடுத்துக் காட்ட ஒரு தாள் இருப்பதே பெரிய விஷயம். கூடவே கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர்க் கட்டணப் பட்டியலையும் வைத்தேன். தண்ணீர் சவர்தான், ஆவணி புரட்டாசியில் நாக்கில் தெரியும். அவர் சொன்னது பொய்யில்லை. குடிக்கக் குழாய், குளிக்கக் கிணறு என்று நானே சொல்லிவிட்டால் மதிலுக்கு மேலால் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

காசோடு தீர்ந்தது கூரைத் தண்ணீர். மார்கழி மழையில் அவருடைய தகரக் கூரைத் தண்ணீர் நேரே என் குளியலறைச் சுவரில் அடிக்கும். சுவர் பாசி பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. அவரைப் பீலி போடச் சொல்லி நான்கு வருடம் கேட்டேன். கடைசியில் நானே பீலி வாங்கி, ஆளும் பிடித்து, அவர் கூரையில் போடுவித்தேன். நியாயமா? இல்லை. ஆனால் பாசி பிடித்த சுவரைப் பார்த்துவிட்டு வாங்குபவர் விலையில் குறைக்கும் தொகையோடு பார்த்தால் பீலிக் காசு ஒன்றுமே இல்லை.

தீர்க்க முடியாமல் நின்றது ஒன்று: பின்வளவில் அவருடைய வெல்டிங் வேலை. காலை ஒன்பது மணிக்குக் கிரைண்டர் தொடங்கும், ஐந்து மணிக்கு நிற்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெயின்ற் மணமும் வரும். அவர் வயிற்றுப் பிழைப்பு அது, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அப்போதுதான் மூத்த மருமகன் ஒரு கேள்வி கேட்டார்: "மாமி, ஒன்பதிலிருந்து ஐந்து வரை வீட்டில் இல்லாத ஆட்களைப் பாருங்கோவன்?"

அதுவரை வந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். ஓய்வுபெற்றவர், கைக்குழந்தைக்காரி, வீட்டிலேயே ரியூசன் நடத்துகிற ஒரு மாஸ்டர். எல்லாரும் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர்கள்! அதற்குப் பிறகு தரகரிடம் தெளிவாகச் சொன்னேன்: கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் குடும்பம் வேண்டும். வெளிநாட்டில் இருந்து வாங்கக் கேட்டவர்களும் உண்டு, விலையும் கூடச் சொன்னார்கள். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் இந்த மனிதர் இருந்தால் மதில் இன்னோரடி நகராது என்று என்னால் பொறுப்பெடுக்க முடியாது. அதையும் அவர்களுக்குச் சொன்னேன். ஒருவர் சிரித்தார், மற்றவர் விலகினார்.

வாங்கியது இரண்டு அரச உத்தியோகத்தர்கள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவர்களை வேண்டுமென்றே கிரைண்டர் ஓடும் புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னேன். விறாந்தையில் இருத்தி, புதிய பிளான், கிணற்றுத் தாள், தண்ணீர்ப் பட்டியல் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, ஓரடி விட்ட கதையையும் சொன்னேன். பிறகு ஆறு மணிக்கு இன்னொரு முறை வரச் சொன்னேன், சத்தம் நின்ற பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க. அவர்கள் விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன்.

உறுதி எழுதும்போது கவனிக்க ஒன்று. நம் உறுதிகளில் விற்பவர் தன் உரித்தை நிலைநாட்டித் தருவதாக ஒரு வாசகம் வரும். நாளைக்கு எல்லை வழக்கு வந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும். ஆகவே பங்குக் கிணறு, புதிய பிளான் இரண்டும் முற்பணம் வாங்கும்போது எழுதுகிற விற்பனை உடன்படிக்கையிலேயே வரட்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். அந்த நாட்களில் பக்கத்து வீட்டாரோடு புதிதாக ஒரு வாய்த்தர்க்கமும் வேண்டாம். அவர் உண்மையில் மிரட்டினால் மட்டும் பொலிசில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுத்து வையுங்கள்.

திறப்பு கொடுத்த அன்று புதுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். "தண்ணி சவர், தெரியும்தானே?" என்று கேட்டார். அந்தத் தங்கச்சி, "ரீச்சர் சொன்னவ அண்ணா. மோட்டார் சுவிச்சு எங்கே எண்டு மட்டும் காட்டுங்கோ" என்றாள்.