டி.ஓ. மருத்துவக் கல்லூரி: மூன்றாம் வருடம் எங்கே என்று முதலில் கேளுங்கள்

மகள் டி.ஓ. படிக்கப் போகிறாள் என்று கும்பகோணத்தில் இருக்கும் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம்மா. நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் கண் டாக்டர் யாருமில்ல" என்றார். அவர் நினைத்ததில் தப்பில்லை. ஊரில் கண் மருத்துவர்களின் பெயர்ப் பலகையில் 'எம்.பி.பி.எஸ்., டி.ஓ.' என்று பார்த்தே பழகியவர். அங்கே டி.ஓ. என்றால் கண் மருத்துவ டிப்ளமா. லண்டனில் இருக்கும் அத்தை மகனுக்கு வேறு குழப்பம். "ஆஸ்டியோபாத்தா? இங்க முதுகுவலின்னா அவங்ககிட்டதான் போவோம்" என்றான். அதுவும் சரிதான். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்பவர் கையால் சிகிச்சை தருபவர், மருத்துவர் அல்ல.

அமெரிக்காவுக்கு வந்து ஓரிரு வருடத்தில் பிள்ளையின் மருத்துவப் படிப்பைப் பற்றிக் கேட்க வருகிற தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு குழப்பங்களில் ஒன்றோடுதான் வருகிறார்கள். அதை முதலில் தீர்த்துவிடுவோம்.

இங்கே டி.ஓ. (டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்) முழு மருத்துவர். நாலு வருடக் கல்லூரிப் பட்டம், நாலு வருட மருத்துவப் படிப்பு, அப்புறம் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. இங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி.க்கும் இதே வழிதான். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், ஐம்பது மாநிலங்களிலும் லைசென்ஸ் கிடைக்கும். இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிக்கிறவர்களில் நாலில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் இருக்கிறார். உறவினர்களுக்கு இதெல்லாம் மனதில் நிற்காது. அதனால் நான் ஒன்றே ஒன்று சொல்வேன்: அதிபர் டிரம்பின் முதல் ஆட்சியில் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லியும், பைடனின் மருத்துவர் கெவின் ஓ'கானரும் டி.ஓ.க்கள். அதற்குப் பிறகு யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றால், ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவரிடமிருந்து. 1864-ல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று குழந்தைகளைக் கொண்டுபோனது. அந்தக் காலத்து மருந்துகள் மேல் நம்பிக்கை போய், எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் முறையை வளர்த்தார். 1892-ல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். மருத்துவம் அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. டி.ஓ. கல்லூரிகளும் அதே நவீன மருத்துவத்தைத்தான் சொல்லித் தருகின்றன. கூடுதலாக இந்தக் கைப்பயிற்சிக்குச் சுமார் 200 மணி நேரம்.

முதல் வருடம் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்த மகள், ஹாலில் பாயை விரித்து என்னைப் படுக்கச் சொன்னாள். பிடரிக்கு அடியில், மண்டையோடு முடிகிற இடத்தில், இரண்டு கை விரல் நுனிகளையும் வைத்துத் தாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள். "அம்மா, தலையை நீங்க தூக்கிப் பிடிச்சிருக்கீங்க. என் கையில விட்டுடுங்க." விட்டேன். இரண்டு நிமிடத்தில் கழுத்து இளகியதை நானே உணர்ந்தேன். படித்து முடித்த பிறகு பல டி.ஓ.க்கள் இதைத் தினமும் செய்வதில்லை. ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கத் தயங்காத கை அவளுக்கு அப்போதே வந்திருந்தது. "ஏன் டி.ஓ.?" என்று இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள். எம்.டி. கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் போகிற பிள்ளையால் அதற்கு மனசாரப் பதில் சொல்ல முடியாது. முன்கூட்டியே ஒரு டி.ஓ. மருத்துவரின் கிளினிக்கில் சில நாட்கள் கூட இருந்து பார்க்கட்டும். பல கல்லூரிகள் ஒரு டி.ஓ.விடமிருந்து பரிந்துரைக் கடிதமும் எதிர்பார்க்கின்றன. நம் தமிழ்ச் சங்கங்களில் தெரிந்த டாக்டர்கள் பெரும்பாலும் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து வந்தவர்கள். அதனால் இதற்கு வெளியே தேட வேண்டியிருக்கும். உங்கள் குடும்ப மருத்துவரின் பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டுக் குழந்தை மருத்துவர் டி.ஓ. என்பது பத்து வருடம் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

சரி, கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? டி.ஓ. கல்லூரிகள் இப்போது நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. அண்மையில் தொடங்கியவையே நிறைய. நான் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

கல்லூரியைப் பார்க்கக் குடும்பத்தோடு போனோம். கண்ணாடிக் கட்டடம், மூச்சு விடுகிற பொம்மை நோயாளி, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் நூலகம். நான் மயங்கிவிட்டேன். இதெல்லாம் முதல் இரண்டு வருடத்துக்குத்தான் என்பது உறைக்கவில்லை. மூன்றாம், நாலாம் வருடம் பிள்ளைகள் மருத்துவமனையில் இருப்பார்கள். அதற்கு ரொட்டேஷன் என்று பெயர். பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய போதனா மருத்துவமனை இருக்கும். நம் ஊரில் ஸ்டான்லி, மதுரை மருத்துவக் கல்லூரி மாதிரி. பல டி.ஓ. கல்லூரிகளுக்கு அப்படி இல்லை. மாநிலம் முழுக்க, சில சமயம் மாநிலம் தாண்டியும், சிறு மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து அனுப்புகிறார்கள். யார் எங்கே என்பது பல இடங்களில் குலுக்கலில் முடிவாகிறது.

இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் மகளுக்கு இடம் வந்தது. கல்லூரியிலிருந்து நாலு மணி நேர கார் பயணம். பாதியில் வாடகை ஒப்பந்தத்தை முறித்து, புது ஊரில் வீடு பிடித்து, பனியில் ஓட்டக்கூடிய ஒரு பழைய கார் வாங்கினோம். அந்தச் செலவு எந்தக் கட்டண அட்டவணையிலும் இல்லை. செலவாவது போகட்டும். உள் மருத்துவ (இன்டர்னல் மெடிசின்) ரொட்டேஷன் என்று ஒதுக்கியது ஒரே ஒரு மருத்துவரின் கிளினிக். அந்த மருத்துவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் இரவில் அட்மிட் ஆகிற நோயாளியைப் பார்ப்பது, காலை ரவுண்டில் எல்லோர் முன்னாலும் கேஸ் சொல்வது, ரெசிடென்சியில் இருக்கும் ரெசிடென்ட்களோடு சேர்ந்து வேலை செய்வது, இவை எதுவும் அவளுக்கு அங்கே கிடைக்கவில்லை. நாலாம் வருடம் வெளி மருத்துவமனைக்குப் போனபோது, மற்ற பிள்ளைகள் ஒரு வருடமாகப் பழகியதை இவள் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இராத்திரி போன் பண்ணி அழுதாள். அவள் உழைப்பாளி, தேறிவிட்டாள். ஆனால் இதை நாங்கள் சேர்வதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்பது இன்னும் என் மனதை அறுக்கிறது.

ஆகவே இன்டர்வியூ நாளில் பிள்ளை கேட்க வேண்டியது இதுதான். மூன்றாம் வருட இடங்களின் பட்டியல் எங்கே? அவற்றில் எத்தனை மருத்துவமனைகளில் ரெசிடென்ட்கள் இருக்கிறார்கள்? இடம் யார் முடிவு செய்கிறார்கள்? குழந்தை, திருமணம், உடம்பு முடியாத பெற்றோர் என்று காரணம் இருந்தால் விட்டுக்கொடுப்பார்களா? எந்த ரொட்டேஷனை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும்? இவற்றைச் சேர்க்கை அலுவலரிடம் மட்டும் கேட்காதீர்கள். இப்போது மூன்றாம் வருடம் படிக்கிற ஒருவரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். முதல் வருட மாணவர்கள்தான் சுற்றிக் காட்டுவார்கள். அன்பான பிள்ளைகள், ஆனால் அவர்களுக்கே இது இன்னும் தெரியாது.

அடுத்தது கல்லூரியின் இணையதளத்தில் தேட வேண்டிய இரண்டு எண்கள். டி.ஓ. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருவது கோகா என்ற அமைப்பு. டி.ஓ. மாணவர்கள் லைசென்ஸுக்காக எழுதும் காம்லெக்ஸ் தேர்வில் முதல் முயற்சியில் எத்தனை சதவீதம் தேறினார்கள், எத்தனை பேருக்கு ரெசிடென்சி கிடைத்தது என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்பது அதன் விதி. நாலைந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். புதுக் கல்லூரிக்கு இந்த எண்கள் இருக்காது. முதல் அணி பட்டம் வாங்கும்வரை முழு அங்கீகாரமும் இருக்காது. புதியது என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு இடம் கையில் இருந்தால் நான் பழைய கல்லூரியைத்தான் எடுப்பேன்.

ரெசிடென்சி பற்றி ஊரிலிருந்து வருகிற பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 2020 ஜூன் மாதத்தோடு எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் ஒரே ரெசிடென்சி அங்கீகார முறை ஆகிவிட்டது. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறைக்கு மேட்ச் என்று பெயர். 2024 மேட்ச்சில் எம்.டி. கல்லூரி இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கும், டி.ஓ. மாணவர்களில் 92.3 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பிள்ளைக்குத் தோல் மருத்துவம், நரம்பு அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி என்று ஏற்கெனவே மனதில் இருந்தால் டி.ஓ. வழி இன்னும் கரடுமுரடுதான். அதை மறைக்கக் கூடாது. குடும்ப மருத்துவம், உள் மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநலம் என்றால் கதவு அகலமாகவே திறந்திருக்கிறது.

இதோடு ஒட்டியது தேர்வு விஷயம். டி.ஓ. மாணவர்களுக்குக் காம்லெக்ஸ் கட்டாயம். எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. கட்டாயமில்லை. ஆனால் போட்டி அதிகமுள்ள இடங்கள் அந்த மதிப்பெண்ணையும் பார்க்க விரும்புவதால் பலர் இரண்டையும் எழுதுகிறார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் கட்டணம் 600 டாலருக்கு மேல். 2022-லிருந்து இரண்டின் முதல் கட்டத்துக்கும் தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். மதிப்பெண் இல்லை. அதனால் எடை இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டு தேர்வுக்கும் படிக்கக் கல்லூரி எத்தனை வாரம் விடுகிறது என்று கேளுங்கள்.

இப்போது பணம். இதில் மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்தவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், ஏனென்றால் சட்டம் மாறிவிட்டது. முன்பு மத்திய அரசின் கிராட் பிளஸ் கடனில் முழுச் செலவையும் ஈடுகட்டலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்குக் கிராட் பிளஸ் இல்லை. மருத்துவம் போன்ற படிப்புக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் வரைதான் அரசுக் கடன். தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் ட்யூஷன் மட்டுமே அந்த 50,000-ஐத் தாண்டிவிடுகிறது. வாடகை, காப்பீடு, சாப்பாடு, கார் எல்லாம் அதற்கு மேல். மீதிக்குத் தனியார் வங்கிக் கடன் என்றால் கோ-சைனர், அதாவது கடனுக்குச் சேர்ந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுபவர், கேட்பார்கள். வந்து இரண்டு வருடம்கூட ஆகாத, கிரெடிட் ஹிஸ்டரி இல்லாத குடும்பத்துக்கு இது பெரிய சுவர். கடிதம் வந்த பிறகு ஓடாமல் இப்போதே கணக்குப் போடுங்கள்.

இதனால்தான் உங்கள் மாநிலத்தில் அரசு டி.ஓ. கல்லூரி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். மிச்சிகன் ஸ்டேட், ஒஹையோ பல்கலைக்கழகம், ஒக்லஹோமா ஸ்டேட், நியூ ஜெர்சியில் ரோவன், டெக்சஸில் ஃபோர்ட் வொர்த், மேற்கு வர்ஜீனியாவில் லூயிஸ்பர்க் ஆகிய இடங்களில் இருக்கின்றன. டெக்சஸ்வாசிக்கு ஃபோர்ட் வொர்த் கல்லூரியின் கட்டணம் பல தனியார் கல்லூரிகளில் பாதிகூட வராது. இடங்களில் பெரும்பகுதியும் மாநிலவாசிகளுக்குத்தான். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பெரும்பாலான டி.ஓ. கல்லூரிகளுக்கு ஆக்கோமாஸ் என்ற பொது விண்ணப்பம், இதற்கு டெக்சஸின் தனி விண்ணப்பம்.

விசா. எச்-4-ல் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு அரசுக் கடன் கிடையாது. பல டி.ஓ. கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையுமே எடுக்கின்றன. வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் சிலவும் பணம் இருப்பதற்கு அத்தாட்சி கேட்கும். இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை எப்படி நகர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு 21 வயதானால் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வயதும் ஏறக்குறைய அதுதான். எந்தக் கல்லூரி எந்த விசாவை ஏற்கும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பி.எஸ்சி. முடித்து வந்தவர்களும் என்னிடம் கேட்பதுண்டு. அந்தப் பட்டத்தை மதிப்பீடு செய்து அனுப்பலாம், ஆனால் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை இங்கே படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும். அவற்றைக் கம்யூனிட்டி காலேஜில் படித்தால் ஏற்கும் டி.ஓ. கல்லூரிகள் பல உண்டு. ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு இது எதுவும் தேவையே இல்லை. அவர்கள் யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி நேராக ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆக்கோமாஸ் ஒவ்வொரு மே மாதத் தொடக்கத்திலும் திறக்கும். வருகிற வரிசையில் பார்த்து இடம் தருகிற கல்லூரிகள் அதிகம். அதனால் ஜூனில் அனுப்புவதற்கும் அக்டோபரில் அனுப்புவதற்கும் நிறைய வித்தியாசம். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இடம் கிடைத்தால் டெபாசிட் கேட்பார்கள். ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று இருக்கும், பல இடங்களில் திருப்பித் தர மாட்டார்கள். முதலில் வந்த கடிதத்துக்குக் கட்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்து, அந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். விண்ணப்பச் செலவைக் கணக்கிடும்போது அந்தத் தொகைக்கும் ஒரு வரி ஒதுக்கிக்கொள்ளுங்கள்.