ஆபத்து ஒரே இடத்தில் நிற்கக் கூடாது: முதன்முறை ஆர்பிஜி நடத்துபவருக்கு

நான் முதன்முதலில், கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டராக உட்கார்ந்தபோது என் கதையில் ஒரு டிராகன் இருந்தது. மலை உச்சியில் டிராகன், அதைக் கொல்ல வேண்டும், அவ்வளவுதான் கதை. முதல் வாரம் நான்கு நண்பர்களும் கண்ணை அகல விரித்துக் கேட்டார்கள். மூன்றாவது வாரம் ஒருவன் போனை நோண்ட ஆரம்பித்தான். ஐந்தாவது வாரம் அவனே, "டேய், அந்த டிராகன் எங்கேயும் ஓடிடாதுடா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றான். கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை. நாங்கள் போனாலும் போகாவிட்டாலும் அது அங்கேயேதான் படுத்துக் கிடக்கும்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டி விளையாடும் ஆர்பிஜியை (ரோல்-பிளேயிங் கேம்) நடத்தப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

படி 1: ஆபத்துக்கு என்ன வேண்டும்?

"கெட்டவன், ஊரை அழிக்கப் பார்க்கிறான்" என்று எழுதினால் அடுத்த வாரம் அவன் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியாது. அவனுக்கு என்ன தேவை, ஏன் இப்போதே தேவை என்று இரண்டு வரி எழுதுங்கள். என் அடுத்த ஆட்டத்திலிருந்து ஒரு உதாரணம்: மலையடிவாரத்தில் ஒரு ஊர். வழியில் கொள்ளைக்கூட்டம். அவர்கள் பொன்னைத் தொடுவதில்லை, உப்பு வண்டிகளை மட்டும் மறிக்கிறார்கள். காரணம், மேலே பழைய சுரங்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று, அவர்கள் உப்பால் போடும் கோட்டைத் தாண்டாது. மழை பெய்தால் கோடு கரைந்துவிடும், திரும்பவும் உப்பு வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் வீரர்கள் கொள்ளையரை அடித்து விரட்டி, உப்பை வணிகரிடம் ஒப்படைத்து, ஊரே மாலை போட்டு வரவேற்றால்?

படி 2: கடிகாரம் வரையுங்கள்

ஆபத்து நகர்வதைக் காகிதத்தில் வைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆர்பிஜியில் கவுன்ட்டவுன் கடிகாரங்கள் உண்டு. 2017இல் ஜான் ஹார்ப்பர் வெளியிட்ட பிளேட்ஸ் இன் த டார்க், பெரும்பாலும் 4, 6 அல்லது 8 துண்டுகள் கொண்ட வட்டங்களாக அதை ஆட்டம் முழுவதும் பயன்படுத்துகிறது. எந்த ஆர்பிஜியிலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு வட்டம் போட்டு ஆறாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சம்பவம். என் சுரங்கக் கடிகாரம் இப்படி இருந்தது:

1. மலைப்பக்கக் கிணற்றுத் தண்ணீர் கசக்கிறது.
2. ஆடுகள் மேட்டுக்கு ஏற மறுக்கின்றன.
3. பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் வாசலில் உப்பைக் கொட்டிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்.
4. ஒரு வீடு காலி. அடுப்பில் சோறு பொங்கி வழிந்திருக்கிறது.
5. தெருவில் நாய்கள் இல்லை.
6. அது இறங்கி வந்துவிட்டது.

வீரர்கள் ஓர் இரவு ஓய்வெடுத்தால், முக்கியமான டைஸ் சொதப்பினால், வேறு திசையில் போனால் ஒரு துண்டை நிரப்புங்கள். ஒரே ஒரு கட்டாயம்: அந்தச் சம்பவம் அவர்கள் கண்ணிலோ காதிலோ பட வேண்டும். உங்கள் நோட்டுக்குள்ளேயே நடக்கும் ஆபத்துக்கு யாரும் பயப்படமாட்டார்கள்.

படி 3: ஆபத்தைத் திருப்புங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு வில்லனைக் கொன்றதும் பின்னால் இன்னொருவன், அவனுக்குப் பின்னால் அவனைவிடப் பெரியவன். வெங்காயம் உரிக்கிற கதை. மூன்றாவது தோலில், தாங்கள் ஜெயித்ததற்கு மதிப்பே இல்லை என்று வீரர்களுக்குத் தோன்றிவிடும்.

ஆபத்தைத் திருப்புவதை அழகாகச் செய்த வீடியோ கேம் 1994இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 6. பாதி ஆட்டம் வரை எதிரி ஒரு பேரரசும் அதன் சக்கரவர்த்தி கெஸ்டாலும். கெஃப்கா என்ற மந்திரவாதி அரசவைக் கோமாளி மாதிரி சிரித்துக்கொண்டு திரிகிறான். ஆனால் அந்தக் கோமாளிதான் டோமா கோட்டையின் தண்ணீரில் விஷம் கலக்கிறான். விதை அங்கேயே விழுந்துவிட்டது. பிறகு மிதக்கும் கண்டத்தில் அவன் சக்கரவர்த்தியையே கொன்று, உலகத்தைப் பிளந்துவிடுகிறான்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த காட்சி. ஒரு வருடம் கழித்து, ஒரு சின்னத் தீவில், செலெஸ் என்ற ஒரே ஒரு பாத்திரம் கண் விழிக்கிறாள். பக்கத்தில் உடம்பு சரியில்லாத பெரியவர் சிட். உலகமே போன பிறகு உங்கள் வேலை மீன் பிடித்து அவருக்குக் கொடுப்பது. வேகமாக நீந்தும் மீனைக் கொடுத்தால் தேறுவார், மந்தமான மீனையே கொடுத்துக்கொண்டிருந்தால் இறந்துபோவார். ஆபத்து உலக அளவிலிருந்து ஒரு கிழவரின் கட்டிலுக்குச் சுருங்கிவிட்டது. ஆனாலும் அந்த மீன் தப்பிப்போனால் நமக்குப் பதறுகிறது.

ஆகவே திருப்புவதற்கு முன் உங்களையே கேளுங்கள். இதற்கான தடயம் முன்பே இருந்ததா? இது வீரர்கள் செய்த ஏதாவது ஒன்றால் வந்ததா? இனி அவர்கள் வேறு ஏதாவது ஆசைப்படுவார்களா? மூன்றில் இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

படி 4: மூச்சு விட விடுங்கள்

நாலைந்து செஷனுக்கு ஒருமுறை கடிகாரத்தைத் தொடாதீர்கள். திருவிழா, கல்யாணம், சண்டையில்லாத ஒரு சாயங்காலம். இழக்க ஏதாவது இருந்தால்தானே பயம் வரும். அப்புறம் ஒவ்வொரு செஷன் முடிவிலும் "அடுத்த வாரம் முதல்ல எங்கே போவீங்க?" என்று கேட்டு, அதை மட்டும் தயார் செய்யுங்கள். பத்துப் பக்கம் எழுதி வைப்பது வீண்.

என் உப்புக் கதையில் நான்காவது துண்டு நிரம்பிய அன்று, காலி வீட்டின் வாசலை வர்ணித்துக்கொண்டிருந்தேன். சோற்றுப் பானை, திறந்த கதவு, துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்த உப்பு ஜாடி. முன்பு போனை நோண்டியவன் சட்டென்று நிமிர்ந்தான். "டேய்... அந்த உப்பை நாமதானே திருப்பிக் கொடுத்தோம்?" யாரும் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கொள்ளைக்காரங்கள்ல யாராவது உயிரோட இருக்காங்களா?"