பல் பிடுங்கப் போகும்போது மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு போங்கள்

பல் கிளினிக்கில் யாராவது மயங்கிச் சாய்ந்தாலோ ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ ‘ஊசி ஒத்துக்கவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம் வழக்கம். பல நேரம் ஊசி மேல் குற்றமே இருக்காது. இவருக்கு என்ன நோய், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது நாற்காலியில் சாய்வதற்கு முன்பே டாக்டருக்குத் தெரிந்திருந்தால் நடந்திருக்காத விஷயம் அது.

மும்பையில் இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தாராவி, சயான், செம்பூர் பக்கம் இருக்கும் பிள்ளைகள், திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அம்மாவைப் பல்வலி என்று கூட்டிப்போகிறார்கள். ஃபாரம் ஆங்கிலத்தில் இருக்கும், கேள்வி இந்தியில் வரும், ‘கோயி பீமாரி ஹை க்யா?’ மகன் திரும்பி ‘உனக்கு ஏதாவது நோய் இருக்காம்மா?’ என்பான், அம்மா ‘எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்’ என்பார், ஃபாரத்தில் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ விழுந்துவிடும். அம்மா பொய் சொல்லவில்லை. மாத்திரையில் பிபி அடங்கியிருக்கிறது என்றால் அவர் கணக்கில் அது நோயே கிடையாது. நோயைப் பற்றிக் கேட்பதுதான் முதல் தவறு. கேட்க வேண்டியது மருந்தைப் பற்றி. காலையில் என்ன போட்டீங்க, ராத்திரி என்ன போடுவீங்க, எப்போதாவது ஆஸ்பத்திரியில் படுத்தீங்களா, நெஞ்சில் ஏதாவது வைத்தாங்களா என்று கேட்டால் எல்லாம் தானாக வெளியே வரும். ஊர் பீரோவில் கிடக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கே இருக்கும் யாரையாவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

மாத்திரைப் பையில் எகோஸ்பிரின், கிளோபிடோக்ரெல், அசிட்ரோம், வார்ஃபரின் இதில் எது இருந்தாலும் முதல் வேலையாக அதை டாக்டரிடம் காட்டுங்கள். இவை ரத்தம் உறையாமல் வைத்திருக்கும் மாத்திரைகள், இங்கே ‘கூன் பத்லா கர்னே கி கோலி’ என்பார்கள். இதில் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒன்று, சொல்லாமல் விடுவது. இன்னொன்று, ‘ரத்தம் நிக்காதாமே’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாலு நாள் முன்பே தானாக நிறுத்திவிடுவது. இரண்டாவதுதான் எனக்குப் பயம். பல் எடுத்த குழியில் ரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்து அழுத்தலாம், தையல் போடலாம். போன மாதம் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தவர் மாத்திரையை நிறுத்தி அந்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் பல் டாக்டர் என்ன செய்வார்? சாதாரணமாக ஒரு பல் எடுக்க எகோஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை. அசிட்ரோம், வார்ஃபரின் என்றால் பல் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்திருக்க வேண்டும், அளவு நிலையாக இருப்பவர்களுக்கு 72 மணி நேரம் வரை பரவாயில்லை. அது 4-க்குக் கீழே இருந்தால் நிறுத்தாமலே எடுக்கலாம் என்கிறது பிரிட்டனில் பின்பற்றும் வழிகாட்டுதல். இன்னும் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. எதுவானாலும் முடிவு உங்களுடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ இல்லை.

அடுத்தது சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் வருவது. ஆபரேஷன் மாதிரி நினைத்துக்கொண்டு, காலையில் இன்சுலினையும் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் வந்து, டோக்கனுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்து, உள்ளே போகும்போது வியர்த்து நடுங்குவார்கள், எல்லோரும் பயத்தில் நடுங்குகிறார் என்று தைரியம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல் எடுக்க வெறும் வயிறு வேண்டியதில்லை, சாப்பிட்டு, மாத்திரை போட்டு, முடிந்தால் காலை நேரத்திலேயே போங்கள்.

பையில் இல்லாத மருந்துதான் பெரிய வில்லங்கம். எலும்புத் தேய்மானத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை சோலெட்ரானிக் ஆசிட் ஏற்றுவார்கள், டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. போட்டவருக்கே மறந்துபோயிருக்கும். இந்த மருந்து எடுத்தவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போகலாம். எலும்புத் தேய்மானத்துக்குப் போட்டவர்களுக்கு இது அபூர்வம்; புற்றுநோய்க்காக அதிக அளவில் போட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதனால் கேள்வி ‘கடந்த சில வருடத்தில் ஊசி, டிரிப் ஏதாவது ஏற்றினாங்களா?’ என்று இருக்க வேண்டும்.

இதய வால்வு மாற்றியவர்கள் அதைச் சொல்லாமல் பல் எடுக்கவே கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்காராமல் இருக்க, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம் கொடுப்பார்கள். பென்சிலின் அலர்ஜி என்றால் வேறு மருந்து. முன்பு கொடுத்த கிளிண்டாமைசினை 2021-ல் அமெரிக்க இதய சங்கம் வேண்டாம் என்றுவிட்டது. டயாலிசிஸ் செய்பவர்கள் அதற்கு மறுநாள் வருவது நல்லது, டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெப்பரினின் வீரியம் அடங்கியிருக்கும். ஆஸ்துமா இருந்தால் டாக்டர் வலி மாத்திரை எழுதும்போது ஞாபகப்படுத்துங்கள், சிலருக்கு அந்த மாத்திரையிலேயே மூச்சு இழுக்கும்.

இனி கிளினிக் நடத்துபவர்களுக்கு. மூன்று வருடத்துக்கு முன் நிரப்பிய ஃபாரத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஊசி போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ‘போன தடவைக்கு அப்புறம் புதுசா ஏதாவது மாத்திரை?’ என்று ஒரு வரி கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள். அப்புறம் இந்த ‘ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க’ என்பது. நோயாளி பரேலில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி வரை போய் வரிசையில் நின்று வாங்கி வரும் தாளில் ‘பல் சிகிச்சைக்குத் தகுதியானவர்’ என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்து என்ன செய்வது? கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு எடுக்கப்போகிறோம், அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் (மரத்துப்போகும் ஊசி) போடுவோம், கிளோபிடோக்ரெலைத் தொடரலாமா, ஸ்டென்ட் எப்போது வைத்தது, கடைசி சர்க்கரை அளவு என்ன என்று நீங்கள் எழுதிக் கேட்டால்தான் அங்கிருந்தும் பதில் மாதிரி பதில் வரும். ஃபாரத்தில் பென்சிலின் அலர்ஜி என்று எழுதியிருந்தும் அது ஃபைலின் கடைசிப் பக்கத்தில் கிடந்தால் பயனில்லை, அட்டை மேலேயே சிவப்பு மையில் எழுதுங்கள்.

பல் எடுத்து வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்சம் கவனம் வேண்டும். பல்லில் சீழ் என்றால் மெட்ரோனிடசோல் எழுதுவது சாதாரணம், வாயில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு மைக்கோனசோல் ஜெல்லும் எழுதுவார்கள். இரண்டுமே வார்ஃபரின், அசிட்ரோமின் வீரியத்தைக் கூட்டிவிடும். மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும், கடைக்குப் போகும் முன்பே, பழைய மாத்திரை அட்டையைப் பக்கத்தில் வைத்து ‘இது ரெண்டும் சேர்ந்து சாப்பிடலாமா?’ என்று டாக்டரிடமே கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்து, ஈறில் ரத்தமோ உடம்பில் அடிபடாமலே நீலத் திட்டோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும்.