திங்கட்கிழமைக் குளங்கள்: பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் சைக்கிளிலும் நடந்தும்

பாரிஸில் உணவக அடுக்களையில் வேலை பார்ப்பவர்கள் பலருக்கு விடுமுறை ஞாயிறும் திங்களும்தான். எனக்கும் அப்படியே. ஆகவே இவை ஒரு திங்கட்கிழமைக்காரனின் குறிப்புகள். நாட்டுப்புறத்தில் அன்று ரொட்டிக்கடை மூடியிருக்கும், மளிகைக்கடை மூடியிருக்கும், சிற்றுண்டிச்சாலையின் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருக்கும். ஆனால் சாலையில் கார்கள் குறைவு, வேட்டைக்காரர்களும் குறைவு. சாப்பாட்டை நீங்களே கட்டிக்கொண்டு போவதாக இருந்தால், குளம் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

வரைபடத்தில் நீலமாகத் தெரிவதெல்லாம் நாம் போய் நிற்கக்கூடிய நீர் அல்ல. பிரென், தோம்ப், சொலோஞ் ஆகிய குளப் பிரதேசங்களில் பெரும்பாலான குளங்கள் தனியார் சொத்து. 2023 பிப்ரவரியில் வந்த சட்டத்துக்குப் பிறகு, தனியார் நிலம் என்று தெளிவாகப் பலகை வைத்த காட்டுக்குள் நுழைந்தாலே 135 யூரோ அபராதம் கட்ட நேரிடலாம். காட்டைச் சுற்றிய உயரமான கம்பிவேலிகளைத் தாழ்த்த வேண்டும் என்றதும் அதே சட்டம்தான். வேலி தாழ்ந்தது மானுக்கும் பன்றிக்கும், மனிதனுக்கு அபராதம்.

அதனால் நான் குளத்தைத் தேடுவதில்லை, சாலை ஓடும் கரையைத் தேடுகிறேன். இந்தக் குளங்களில் மிகப் பல இயற்கையானவை அல்ல. இடைக்காலத்தில் துறவிகளும் பிரபுக்களும் மீன் வளர்ப்பதற்காக, ஆழமில்லாத பள்ளத்தாக்குகளின் குறுக்கே மண்கரை போட்டு உண்டாக்கியவை. மேல்குளத்து மதகைத் திறந்தால் நீர் கீழ்க்குளத்துக்கு இறங்கும், நம் ஏரிச் சங்கிலியைப் போலவே. பிரெஞ்சு அரசின் நிலவரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 வரைபடத்தைக் கைப்பேசியில் விரித்துப் பாருங்கள். குளத்தின் மற்ற ஓரங்கள் வளைந்து நெளிய, ஒரு பக்கம் மட்டும் நேராக வெட்டியதுபோல் இருக்கும். அதுதான் கரை. அதன்மேல் ‘டி’ என்ற எழுத்தும் எண்ணும் கொண்ட சாலை ஓடினால் கவலையே இல்லை, அது பொதுச்சாலை. சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெறும் புள்ளிக்கோட்டுப் பாதையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பாதி வழியில் சங்கிலி கட்டியிருக்கும். நடந்து போகிறவர்கள் மரத்திலும் கல்லிலும் தீட்டிய அடையாளங்களைப் பின்பற்றினால் போதும். மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்றுப்பாதை, வெள்ளையும் சிவப்பும் நெடும்பாதை, பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது.

பழகுவதற்கு ராம்பூயே காட்டின் ஓலாந்து குளங்களிலிருந்து தொடங்குங்கள். பதினான்காம் லூயி காலத்தில், வெர்சாய் அரண்மனை நீரூற்றுகளுக்குத் தண்ணீர் சேர்க்க வரிசையாக வெட்டப்பட்டவை. பாரிஸின் மோம்பர்னாஸ் நிலையத்தில் ‘என்’ தடத்துப் புறநகர் ரயில் ஏறி, லெ பெரே-ஆன்-இவ்லினில் இறங்கி மிதித்தால் சற்று நேரத்தில் நீர் தெரியும். வார நாள்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் ரயிலில் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். திங்கட்கிழமைக்காரர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் மனம் இருப்பது பிரென்னில். ஆந்த்ர் மாவட்டத்தில் ‘ஆயிரம் குளங்களின் நாடு’ என்று அழைக்கப்படும் பகுதி அது. பாரிஸின் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ஷாத்தோரூவுக்கு இரண்டு மணி நேரப் பயணம். நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக 10 யூரோ கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். கோடையில் அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கிருந்து மெசியேர்-ஆன்-பிரென்வரை சுமார் நாற்பது கிலோமீட்டர், அநேகமாகச் சமதரை. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள், ஒரு இரவு தங்குங்கள். ரொனேவுக்கு அருகில் புஷே கோட்டையை ஒட்டி வட்டாரப் பூங்காவின் வரவேற்பகம் இருக்கிறது. பாதை வரைபடம் அங்கே கிடைக்கும். கோட்டையின் பக்கத்திலேயே ‘செங்கடல்’ என்ற பெயருடைய பெரிய குளம் பரந்து கிடக்கிறது. சிலுவைப்போருக்குப் போய்த் திரும்பிய பிரபு வைத்த பெயர் என்று கதை சொல்கிறார்கள்.

பறவை பார்க்க, பிரென்னிலேயே உள்ள செரீன் இயற்கைக் காப்பகத்தின் மர மறைவிடங்களைப் போல வசதியான இடம் வேறில்லை. கட்டணம் கிடையாது. உள்ளே போனால் பத்து நிமிடமாவது அசையாமல் உட்காருங்கள். வந்தவுடன் கதவைத் தட்டென்று சாத்துகிறவர்களுக்கு வாத்தின் பின்பக்கம்தான் தெரியும். வசந்தம் முடியும் காலத்தில் மீசை ஆலாக்கள் மிதக்கும் இலைகள்மேல் கூடு கட்டும். கொண்டை முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். வெயில் ஏறினால் குளத்தாமைகள் விழுந்த மரத்துண்டுகளில் வரிசையாக ஏறிக் காயும்.

லியோனுக்கு வடக்கே இருக்கும் தோம்ப் குளங்களுக்கு ஒரு வினோத வழக்கம் உண்டு. சில ஆண்டுகள் நீர் தேக்கி மீன் வளர்த்துவிட்டு, ஓர் ஆண்டு வற்றவிட்டுப் பயிர் செய்வார்கள். வரைபடத்தில் நீலம், நேரில் மக்காச்சோளம்! ஏமாந்தால் அடுத்த குளத்துக்கு மிதியுங்கள், தூரம் அதிகமில்லை. விலார்-லே-தோம்ப்பிலேயே ரயில் நிற்கும். துருவா நகருக்குக் கிழக்கே உள்ள ஒரியான் ஏரி வேறு வகை: சேன் நதி வெள்ளத்திலிருந்து பாரிஸைக் காக்க 1966-இல் உருவாக்கியது. குளிர்காலத்தில் நிரப்பி, கோடையில் திறந்துவிடுவதால் இலையுதிர்காலத்தில் போனால் சேறுதான் அதிகம். கார் இல்லாத நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சைக்கிள் பாதை துருவாவின் ஓரத்திலிருந்து தொடங்குகிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதையே சொல்வேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் தலைக்கவசம் கட்டாயம்.

குளிப்பது பற்றிக் கேட்பார்கள். அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள்: பிரென்னில் பெல்பூஷ், ஒரியானில் ழெரோதோ போன்ற கடற்கரை மாதிரி மணல் கொட்டிய இடங்கள். மற்ற குளங்களின் அடியில் முழங்கால்வரை சேறு. ஆகஸ்டில் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் நீர் தெரிந்தால் நச்சுப்பாசி இருக்கலாம், கையைக்கூட நனைக்க வேண்டாம்.

குடிநீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் அது குடிக்க அல்ல. புல்லில் நடந்து வந்தால் மாலையில் கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் உண்ணிக்காகத் தடவிப் பாருங்கள். அதைப் பிடுங்கும் சிறு கொக்கி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதிவரை வேட்டைக்காலம், ஆரஞ்சு நிற மேலங்கி இல்லாமல் காட்டுப்பாதையில் இறங்காதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், அந்தக் குளிர் மாதங்களைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அப்போதுதான் மதகைத் திறந்து குளத்தை வடித்து மீன் பிடிப்பார்கள். விடியற்காலையில் இடுப்புவரை ரப்பர் உடை அணிந்தவர்கள் சேற்றில் வலை இழுப்பதைக் கரையில் நின்று பார்க்கலாம், வழியை மறிக்காமல் ஒதுங்கி நின்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சில இடங்களில் கெண்டையை அங்கேயே விற்பார்கள். வாங்கினால் முதுகு வழியாக மிக நெருக்கமாகக் கீறி, மாவில் புரட்டிக் கொதிக்கும் எண்ணெயில் பொரியுங்கள். நுண்முள் எல்லாம் மொறுமொறுவென்று கரைந்துவிடும். ரயிலில் கொண்டுவருவதானால் பையை இரண்டாகப் போடுங்கள், ஒழுகும்.