உள்வாங்கிய முலைக்காம்புக்கு அறுவை சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருவ வயதிலிருந்தே முலைக்காம்பு உள்வாங்கியிருப்பது பெரும்பாலும் நோயல்ல. பால் நாளங்கள் குட்டையாக இருப்பதும் சுற்றியுள்ள நார்த்திசு காம்பை உள்ளே இழுத்துப் பிடிப்பதுமே காரணம். ஆனால் இத்தனை காலம் வெளியே இருந்த காம்பு, அதிலும் ஒரு பக்கத்தில் மட்டும், அண்மையில் உள்ளே போயிருந்தால் அதை அழகுக் குறையாக எண்ணிச் சரிசெய்யக் கிளம்பக் கூடாது. மார்பகப் புற்றுநோயும் பால் நாளங்களில் வரும் அழற்சியும் இப்படித் தலைகாட்டுவதுண்டு. மருத்துவர் பரிசோதித்து, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் காரணம் தெரிந்த பிறகே அடுத்த பேச்சு. கட்டியோ, இரத்தக் கசிவோ, தோலில் குழிவோ சேர்ந்திருந்தால் தாமதமே ஆபத்து.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. மருத்துவர்கள் இதை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். விரலால் இழுத்ததும் வெளியே வந்து சற்று நேரம் நிற்பது முதல் நிலை. வந்தாலும் உடனே உள்ளே திரும்பிவிடுவது இரண்டாவது. இழுத்தாலும் வராதது மூன்றாவது. முதல் நிலையில் காம்பை வெளியே இழுக்கும் உறிஞ்சு கருவி போன்ற எளிய வழிகளை முயன்று பார்க்காமலே அறுவைக்குத் தேதி குறிப்பது அவசரம்.

என்னை மிகவும் வருந்த வைப்பது, பாலூட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதுதான். பால் நாளங்களைக் காப்பாற்றிச் செய்யும் முறையும் உண்டு, அவற்றை வெட்டிச் செய்யும் முறையும் உண்டு. வெட்டினால் காம்பு உறுதியாக நிற்கும், ஆனால் அந்த மார்பில் பாலூட்டும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். காப்பாற்றும் முறையில் காம்பு மீண்டும் உள்வாங்கக்கூடும். பாலூட்ட முடியும் என்ற உத்தரவாதமும் இல்லை. எனக்கு எந்த முறை, ஏன் என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பாலூட்டுவதற்காகவே அறுவை செய்துகொள்ள நினைப்பதும் தவறு. குழந்தை காம்பை மட்டும் பற்றுவதில்லை, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்தே கவ்வுகிறது. அதனால் அறுவையே இல்லாமல் நன்றாகப் பாலூட்டும் தாய்மார்கள் பலர். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இந்த அறுவையைத் தள்ளிவைக்க வேண்டும்.

பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிறிய அறுவைதானே என்ற அலட்சியம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. காம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மிக நுண்ணியவை. புகைபிடித்தால் அவை மேலும் சுருங்கும். திசு அழுகிப்போகவும் கூடும். ஆகவே அறுவைக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே புகையை நிறுத்திவிட வேண்டும், ஆறும் வரை தொடவும் கூடாது. இறுக்கமான உள்ளாடை, குப்புறப் படுப்பது இரண்டும் வேண்டாம். காம்பின் மேல் அழுத்தம் படாமலிருக்க வைத்த பாதுகாப்புக் கட்டைத் தாங்களாகவே எடுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை அறுவை செய்தவரே முடிவு செய்யட்டும்.

அறுவைக்குப் பின் காம்பில் குறையும் உணர்ச்சி பலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்கு நிரந்தரமாகவும் குறையலாம். காம்பு கருத்துப்போனாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.